கணவாய் பார்க்க வந்தவர்

தூத்துக்குடித் துறைமுகத்தில் லாரிகள் ஓடாத ஒரு வாரம் அது. எங்கள் மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை நின்றுவிட்டது. மேலாளர் ஒரு காரைப் பிடித்து, சரக்குப் பார்க்க வந்திருந்த ஜப்பான்காரரைக் கன்னியாகுமரி பார்த்துவிட்டு வரச் சொல்லி விடியற்காலையில் அனுப்பிவைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மனிதர் திரும்பி வந்து நிற்கிறார். அதற்குள் ஏன் வந்துவிட்டீர்கள் என்று கேட்டதற்கு, கடலைப் பார்த்தாயிற்று என்றார். நேராகப் பின்கட்டுக்குப் போனார். அங்கே அடுக்கியிருந்த மீன் பெட்டிகளை இறக்கிப்போட்டு, பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

அவை முந்தின நாள்தான் கழுவிய பெட்டிகள்.

நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து போய் ஆளுக்கொரு பிரஷ்ஷை எடுத்தார்கள். கேன்டீனில் சமைக்கிற செல்வராணி அக்கா மட்டும் வாசலிலிருந்து அசையவில்லை. "இந்த மனுசன் இருக்குத எடத்துல ஒருத்தரும் மூச்சு விட முடியாதுளா" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தே நான் ஓய்வு பெற்றேன். இங்கே பிடிபடுகிற கணவாய் மீனுக்கு ஜப்பானில் நல்ல மதிப்பு உண்டு. அங்கே அதைப் பச்சையாகவே தின்பார்கள். அதனால் சரக்கு கப்பல் ஏறுவதற்கு முன்னால் வாங்குகிறவர்கள் தங்கள் ஆளை அனுப்பிப் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஆளுக்கு எங்கள் ஊரில் செக்கர் என்று பெயர். எத்தனையோ செக்கர்கள் வந்து போனார்கள். பத்து நாள் இருப்பார்கள், ஓட்டலுக்கும் கம்பெனிக்கும் காரில் போய் வருவார்கள், விமானம் ஏறிவிடுவார்கள். இவர் மட்டும்தான் மாதக்கணக்கில் தங்கினார், அடுத்த வருடமும் வந்தார், அதற்கடுத்த வருடமும் வந்தார். அவருடைய பெயரை எனக்குச் சரியாகவே சொல்ல வரும். இங்கே எழுதப்போவதில்லை. தன்னைப்பற்றி யாராவது நாலு வார்த்தை பேசினாலே முகம் சிவந்துவிடுகிற மனிதர். பெண்கள் அவரைச் சப்பான் ஐயா என்றார்கள்.

மெலிந்த உடம்பு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் வலைத்தொப்பி. வெள்ளை மேசை முன்னால் நின்று கணவாயை ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்கு நேரே பிடிப்பார். திட்டமாட்டார், கத்தமாட்டார். பிடிக்காத தட்டை இடது கைப்பக்கமாக நகர்த்திவைப்பார், அவ்வளவுதான். ஒரு தலைமயிர் கிடந்தாலும் தட்டு இடது பக்கம் போய்விடும். ஹாலில் நூறு பெண்கள் நின்றாலும் அந்தத் தட்டு நகரும் சத்தம் எல்லோருக்கும் கேட்கும்.

அவர் ஊரில் இருந்தால் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அவராக வரச் சொல்லமாட்டார். ஆனால் அவர் வந்து நிற்பார். அவர் நின்றால் சூப்பர்வைசர் போகமுடியாது. சூப்பர்வைசர் நின்றால் பெண்களை விடமுடியாது. மாதா கோயில் திருவிழாவுக்குப் பெண்கள் லீவு கேட்டபோது என்னிடம் வந்து, அங்கே இவர்கள் என்ன செய்வார்கள் என்று விசாரித்தார். தேரைப் பார்ப்பார்கள், வளையல் வாங்குவார்கள், கூட்டத்தில் சுற்றிவிட்டு வருவார்கள் என்றேன். அப்புறம் என்றார். அப்புறம் ஒன்றுமில்லை என்றேன். பாதிக் கணக்கைக் கேட்டவர் போலக் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். லீவு கொடுக்கச் சொல்லிவிட்டார். தேர் அன்றைக்கு அவர் மட்டும் வெறும் ஹாலில் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்ததாக வாட்ச்மேன் சொன்னார்.

செல்வராணி அக்காவுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவளுடைய அப்பா முத்துக்குளித்தவர், பிறகு சங்கு குளித்தவர். புருசன் கடலோடு போய்விட்டார். நாலு பேர் முன்னால் என்னை மேடம் என்பாள், தனியாக இருந்தால் ஏளா என்பாள். அவளுடைய அப்பா முத்துக்குளித்தவர் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் நான் செக்கரிடம் சொல்லிவிட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு எழுந்தார். கேன்டீன் அடுப்புக்கு நேரே போய், இடுப்பை மடக்கிக் குனிந்தார். அவர் ஊரில் முத்தைக் குளத்தில் மீன் வளர்ப்பதுபோல் வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள், அதனால்தான் கடல் முத்துக்கு விலை போனது, அதற்காக மன்னிப்புக் கேட்கிறார் என்று அவருடைய ஆங்கிலத்தை நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். செல்வராணி அக்கா கரண்டியோடு திகைத்துப்போய் நின்றாள். "அவரா வளத்தாரு? எங்க அப்பன் காது செவிடாகி வீட்ல கெடந்ததுக்கு இவரு எதுக்குக் குனியுதாரு?" என்றாள். ஆனால் அன்றைக்குப் பிறகு அவரை நீரு, வாரும், இரும் என்று பேச ஆரம்பித்தாள். அவருக்கு அந்தத் தமிழ் புரிந்ததா தெரியாது. அதட்டலில் இருந்த உறவு புரிந்திருக்கும்.

சாயங்காலத்தில் பெண்களுக்குச் சில நாள் சீனிக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கு எங்கள் பக்கத்துப் பெயர், அவித்துப் போடுவாள். அவர் எதையும் வேண்டாம் என்று சொல்லாதவர், அதை மட்டும் தொடமாட்டார். ஒரு நாள் செல்வராணி அக்கா கேட்டேவிட்டாள். அவர் ஆங்கிலத்தில் துண்டு துண்டாகச் சொன்னார்.

போர் முடிந்த வருடம் பிறந்தவராம். அப்பா திரும்பி வரவில்லை. ஊர் எரிந்து கிடந்தது. அம்மா தன் கல்யாணத்துக்கு உடுத்த பட்டு உடுப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கிராமங்களுக்குப் போவாள், கிழங்கு மூட்டையோடு திரும்புவாள். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரி கிழங்கின் கொடி. கடைசி உடுப்பு போன நாளில் அம்மா கிழங்கைத் தின்னாமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது என்றார். பதினைந்து வயதில் அவரை ரயில் ஏற்றிவிட்டார்கள். அந்த ரயில் முழுக்க அவர் வயதுப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக. தலைநகரத்துக் கடைகளும் ஆலைகளும் ஆள் கேட்டுக்கொண்டிருந்த காலம். ஸ்டேஷனில் முதலாளிகள் பெயர் எழுதிய துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். அவர் ஒரு மீன் மொத்தவியாபாரியிடம் போய்ச் சேர்ந்தார். பகலில் மீன் தூக்கினார், இரவுப்பள்ளியில் படித்தார். பிறகு ஒரு பெரிய கம்பெனி. உலகமே தங்கள் ஊருக்கு ஓட்டப்பந்தயம் பார்க்க வந்த நாளில்கூடத் தான் இறால் பெட்டி எண்ணிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். முதல் போனஸில் டி.வி., அடுத்ததில் துணி துவைக்கிற மிஷின், அதற்கடுத்ததில் ஃபிரிட்ஜ். ஊரிலிருந்து வந்த அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, குளிர் போய்விடும் மூடு என்று சொல்லியும் மூடாமல் நின்றாளாம்.

"எல்லாரும் உழைத்தால் இனி யாரும் இந்தக் கிழங்கைத் தின்னவேண்டியிருக்காது என்று எங்களுக்குச் சொன்னார்கள். அது உண்மையாகிவிட்டது" என்றார். பிறகு, "எப்போது நிறுத்தவேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை" என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். பெண்கள் கிழங்கைத் தின்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவர் சங்கடப்பட்டு எழுந்து ஹாலுக்குப் போய்விட்டார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அவரை வீட்டுக்கு அழைத்திருந்தேன். நாங்கள் பக்கத்தில் இருக்கும் நாசரேத் ஊர்க்காரர்கள், கிறிஸ்தவர்கள். பலகாரமும் பிரியாணியுமாக வீடு நிறைந்து கிடந்தது. என் கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினீயர். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். அந்த வருடம் பண்டிகைக்கு வீட்டில் இருந்தார். செக்கர் டை கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்து துறைமுகங்களைப் பற்றிப் பேசினார்கள். அதில் ஒருத்தர் போகாத துறைமுகத்துக்கு இன்னொருத்தர் போயிருந்தார். நடுவில் செக்கர் தண்ணீர் கேட்டார். என் கணவர் அடுக்களைக்குள் வந்து, டம்ளர் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அப்போது அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பாடு முடிந்ததும் செக்கர் ஃபிரிட்ஜைத் திறந்து, மீனை மேல்தட்டில் வைத்திருக்கிறேன் என்று கண்டுபிடித்து, அத்தனையையும் வெளியே எடுத்து ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அடுத்த பருவத்தில்தான் அது நடந்தது. ஒரு முற்பகலில் அவருக்கு ஊரிலிருந்து ஆபீஸ் போனில் அழைப்பு வந்தது. பேசிவிட்டு வந்தார், கையைக் கழுவினார், மேசை முன்னால் நின்றார். அன்றைக்குத் தட்டுகள் ஒன்றுகூட இடது பக்கம் போகவில்லை. பெண்களுக்கு முதலில் சந்தோஷம். பிறகு ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கடைசித் தட்டு முடிந்தபோது ஒருத்தி வந்து என் ஆய்வுக்கூடக் கதவைத் தட்டி, ஐயா கணவாயைக் கையில் எடுக்கவே இல்லை, வெறுமனே தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார் என்றாள். நான் போய் நாலு தட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் நிறம் மாறிய கணவாய் இருந்தது. என் கண்ணுக்கே தெரிந்தது.

அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஹாலின் நடுவுக்குப் போய், பெண்கள் எல்லோரும் பார்க்க, இடுப்பை மடக்கிக் குனிந்து அப்படியே நின்றார். நிமிரவே இல்லை. செல்வராணி அக்காதான் வந்து தோளைத் தொட்டு நிமிர்த்தி, கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என்னையும் வரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

கறுப்புக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மனைவிதான் பேசியிருக்கிறாள். இன்னும் சில மாதத்தில் அவருக்கு ஒப்பந்தம் முடிகிறது, வயதும் அறுபது ஆகிறது, நிரந்தரமாக வீட்டுக்கு வந்துவிடுவார். வந்த பிறகு தான் தனியாகப் போய்விட விரும்புவதாகச் சொன்னாளாம். சண்டை இல்லை, அழுகை இல்லை. பல வருடம் யோசித்து எடுத்த முடிவு என்றாளாம். அவர் ஊரில் இப்போது இது நிறைய நடக்கிறது, கூட வேலை பார்த்த இரண்டு பேருக்கு நடந்திருக்கிறது, தனக்கு நடக்கும் என்று நினைக்கவில்லை என்றார்.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அறுபது வயதில் புருசனை விட்டுப் பிரிகிற பெண்டாட்டியை அவள் கேள்விப்பட்டதில்லை. இன்னொருத்தி, பாவம், இவ்வளவு சம்பாதித்துப் போட்ட மனிதரை, என்றாள். செல்வராணி அக்கா யாரோடும் சேரவில்லை. அவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பகலெல்லாம் அவிய வீட்ல என்ன செய்வாவ?"

நான் மொழிபெயர்த்தேன். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சமையல் என்றார். துணி என்றார். பையன் சின்னவனாக இருந்தபோது பையன் என்றார். காப்பி ஆறும்வரை யோசித்துவிட்டு, "நான் பார்த்ததில்லை" என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால் அந்தம்மா ரேடியோ செய்கிற ஆலையில் வேலை பார்த்தவளாம். அந்த வரிசையிலேயே வேகமான கை அவளுடையதுதான் என்று ஆலை மேலாளர் சொல்லி, அதைக் கேட்டுத்தான் பெண் பார்க்கப் போனாராம். கல்யாணம் ஆனால் பெண்கள் வேலையை விட்டுவிடுவது அங்கே வழக்கம், விட்டுவிட்டாள். அந்தக் கை பிறகு என்ன செய்தது என்று தனக்குத் தெரியாது என்றார். இதைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பி, "உங்கள் கணவருக்கும் டம்ளர் இருக்கும் இடம் தெரியவில்லை" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு லாட்டுச் சரக்கில் பார்த்ததை இன்னொரு லாட்டிலும் பார்த்தேன் என்று குறித்துவைப்பவர்போலச் சொன்னார். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

செல்வராணி அக்கா அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. "அவிய போறது போவட்டும். அதுக்கப்புறம் நீரு என்னத்தத் திம்பீரு? ஞாயித்துக்கிழம இங்கன வாரும்" என்றாள்.

வந்தார். வெள்ளைக் கோட்டு, வலைத்தொப்பி, சட்டைப்பையில் வெப்பமானி. தொப்பியையும் வெப்பமானியையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு உலையை வைக்கச் சொன்னாள். அவருக்குச் சோறாக்கத் தெரியாது. வாழ்நாளெல்லாம் சோறு தின்றவர், அரிசி எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று தெரியாது. வடித்த கஞ்சியை அக்கா கொட்டப் போனால் விடவில்லை, பானையைக் கையால் மறித்துக்கொண்டார். உப்புப் போட்டுக் குடிக்கலாம் என்று காட்டியபிறகுதான் விட்டார். செல்வராணி அக்காவின் சமையல் அப்படியொன்றும் பெயர் போனதல்ல. உறைப்பும் புளியும்தான் தூக்கலாக இருக்கும். பெண்கள் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள், அவளும் சிரிப்பாள். அதையேதான் அவரும் படித்தார். வெங்காயம் உரித்தார், கண்ணைக் கசக்கினார், கணவாயைக் கத்தி பட்டதே தெரியாதபடி வெட்டினார், வாணலியில் கருக்கிவிட்டார், மறுபடி வெட்டினார்.

ஓரளவு கை வந்ததும், அன்றைக்கு ஓவர்டைம் வந்திருந்த பெண்களுக்கு அவரே பரிமாறினார். பரிமாறிவிட்டு ஒவ்வொருத்தி பின்னாலும் நின்று, வாய் மெல்லுகிறதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூஞ்சியப் பாக்காதேயும். அவளுவ சாப்பிடட்டும், நீரும் ஒரு தட்ட எடுத்துட்டு உக்காரும்" என்றாள் செல்வராணி அக்கா.

உட்கார்ந்தார். சாப்பிட்டார். முடிந்ததும் தட்டுகளைப் பொறுக்க எழுந்தார். அவள் கோட்டைப் பிடித்து இழுத்து மறுபடி உட்காரவைத்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்தப் படகில் நல்ல மீன், அப்படி. அந்த நேரம்தான் அவருக்கு உலை வைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். எச்சில் தட்டுகளையே பார்ப்பார். ஆனால் எழவில்லை. வாரா வாரம் அந்த அரைமணி நேரத்தையும் உட்கார்ந்து கடந்தார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான், யாரும் கேட்காமல், தானாக ஒன்றைச் சொன்னார்.

அவர் வேலை பார்த்த பெரிய கம்பெனி அவரை ஐம்பது வயது தாண்டியபோது வெளியே அனுப்பிவிட்டது. அவர் நாட்டில் எல்லோரும் நிலத்தையும் பங்கையும் வாங்கி வாங்கி விலையை ஏற்றிக்கொண்டே போய், ஒரு நாள் எல்லாம் சரிந்த சமயம் அது. சாகும்வரை வைத்துக்கொள்வோம் என்று சேர்த்த ஆட்களைக் கம்பெனிகள் வரிசையாக அனுப்பின. அவர் வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போல் காலையில் கோட்டும் டையுமாகக் கிளம்புவார். மனைவி சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுப்பாள். ஒரு பூங்காவுக்குப் போய் உட்கார்ந்து, சாயங்காலம்வரை வேலை விளம்பரம் பார்த்துவிட்டு, ஆபீஸ் விடுகிற நேரத்துக்குத் திரும்புவார். அந்தப் பூங்காவில் அவரைப்போலக் கோட்டு போட்ட ஆட்கள் வேறு சிலரும் இருந்தார்கள். ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்ளமாட்டார்கள். கணவாய் பார்க்கிற இந்த ஒப்பந்த வேலை கிடைக்கும்வரை அப்படியே போயிற்று.

பெஞ்சில் இருந்த ஒருத்தி, "பொஞ்சாதிகிட்ட சொல்லாமயா?" என்று கேட்டாள்.

"அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்குப் போனில்தான் சொன்னாள்" என்றார். ஷூவில் பூங்காவின் மண் ஒட்டியிருந்ததாம். ஒவ்வொரு நாளும் அவள்தான் அதைத் துடைத்து வைத்திருக்கிறாள். இன்றைக்குச் சொல்வார், இன்றைக்குச் சொல்வார் என்று காத்திருந்தாளாம். அவர் சொல்லவே இல்லை. புது வேலைக்கு விமானம் ஏறிப் போய்விட்டார். அந்தக் காலத்தில்தான் தன் முடிவு முளைவிட்டது என்று போனில் சொன்னாளாம்.

செல்வராணி அக்கா எழுந்தாள். அன்றைக்குத் தட்டுகளை அவளே எடுத்துக்கொண்டு போனாள்.

ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே விடுவித்துக்கொண்டு அவர் கிளம்பினார். இன்னும் ஒரு வருடம் நீட்டித்துத் தருவதாகச் சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டார். போனால் மனைவி மனம் மாறுவாளா என்று விமான நிலையத்தில் கேட்டேன். மாறமாட்டாள், அவள் எதையும் இரண்டு தடவை சொல்கிறவள் இல்லை என்றார். பிறகு எதற்கு அவசரம் என்றேன். அவள் வீட்டில் இருக்கப்போகிற கொஞ்ச நாளாவது பகலில் என்ன செய்கிறாள் என்று பார்க்கவேண்டும் என்றார்.

அவர் போன பிறகு என் வீட்டிலும் ஒரு பேச்சு நடந்தது. நான்தான் ஆரம்பித்தேன். என் கணவர் அந்த வருடமே கப்பலை விட்டுவிடவில்லை. கடன் இருந்தது, மகள் படிப்பு இருந்தது. மூன்று வருடம் கழித்து விட்டார், இங்கேயே துறைமுகத்தில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். ஒரே வீட்டில் தினமும் இரண்டு பேர் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சண்டை போட்டோம். இதற்கு முன்னால் சண்டை போட நேரம் கிடைத்ததில்லை.

செக்கர் மறுபடி தூத்துக்குடிக்கு வந்தது அதற்கும் பிறகு. கம்பெனி வேலையாக அல்ல, சொந்தச் செலவில். ஒரு வாரம் இருந்தார். கடலோரக் குன்றில் சிலுவைக் கோயில் இருக்கிற மணப்பாட்டைப் பார்த்ததில்லை என்றார். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார், பார்த்ததில்லை. செல்வராணி அக்காவையும் ஏற்றிக்கொண்டு காரில் போனோம். அக்கா கோயிலுக்குள் போய் முழங்காலிட்டுவிட்டு வந்தாள். மூன்று பேரும் குன்றின் மேல், கோயிலுக்கு வெளியே கடலைப் பார்த்து உட்கார்ந்தோம். இன்னும் மெலிந்திருந்தார். சட்டை சுருங்காமல் தேய்த்திருந்தது. தானே தேய்த்ததாகச் சொன்னார்.

அந்தம்மாவைப் பற்றி அக்காதான் கேட்டாள்.

சொன்னதுபோலவே போய்விட்டாளாம். போவதற்கு முன்பிருந்த இரண்டு மாதமும் அவர் தினமும் சாயங்காலம் சமைத்தார். அவள் சாப்பிட்டாள், நன்றி சொன்னாள். உறைப்பு அதிகம் என்று ஒரு நாள் சொன்னாள். பகலில் அவள் என்ன செய்கிறாள் என்றும் பார்த்தார். பக்கத்து வீட்டு முடியாத கிழவிக்கு மருந்து வாங்கிக் கொடுத்தாள், தெருப்பெண்கள் கொண்டுவந்து தருகிற பழுதான ரேடியோவையும் கடிகாரத்தையும் ஜன்னலோரம் உட்கார்ந்து சரிசெய்தாள். அது எத்தனை வருடமாக நடக்கிறது என்று கேட்க அவருக்கு வெட்கமாக இருந்ததாம்.

கடைசி நாள் சாயங்காலம் அவளிடம், நாளைக்குப் போகிறாய், இன்றைக்கு உனக்கு எது பிடிக்குமோ அதைச் செய்கிறேன், சொல், என்றிருக்கிறார். அவள் யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். பிறகு, "எனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை" என்றாளாம். சின்ன வயதில் கிடைத்ததைத் தின்றாள். ஆலையில் போட்டதைத் தின்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவருக்குப் பிடித்ததையும் பையனுக்குப் பிடித்ததையும் செய்து, அதில் மிஞ்சியதைத் தின்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்ததாம். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாளாம். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் எழுந்துபோய்த் தேநீர் போட்டாராம்.

இப்போது அவள் இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். பழுது பார்க்கிற கடை ஒன்றில் பாதி நாள் வேலை. வாரத்தில் ஒரு நாள் ஒரு தோழியோடு இதுவரை போகாத ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போகிறாள், இதுவரை தின்னாத ஒன்றைத் தின்கிறாள். திரும்பி வந்ததும் அவருக்குப் போன் செய்து சொல்கிறாள். இத்தாலிக்காரர் சாப்பாடு, தனக்குப் பிடித்தது அது இல்லை. கொரியாக்காரர் சாப்பாடு, அதுவும் இல்லை.

"நம்ம கணவாக் கொழம்பு?" என்றாள் அக்கா.

செய்து கொடுத்தேன், அது இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டாள், என்றார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கீழே கரையில் வலையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் எழுந்து நின்றுகொண்டார். அவர் பேசியது கொஞ்சம்தான். ம், ம் என்று கேட்டார். இடையில் ஒரு தடவை சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. முடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தலையை ஆட்டினார். "இல்லையாம்" என்று தமிழிலேயே சொன்னார்.

"தேடட்டும்" என்றாள் செல்வராணி அக்கா. "மெதுவாத் தேடட்டும்."